வீட்டில் யாரும் இல்லாத கோடை

காப்ரிஸ் என்ற அந்தப் படகின் நீளம் 25 அடி, அகலம் ஆறரை அடி. நம் நகரப் பேருந்தைவிடச் சிறியது. அதில் ஒரு பெண்ணும் அவருடைய குழந்தைகளும் கோடை முழுவதும் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, ஈரத்துணி காயப்போட இடம் தேடி வாழ்ந்தார்கள். ஒரு கோடையோடு நிற்கவில்லை; ஆண்டுக்கு ஆண்டு கிளம்பினார்கள். இது கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1920களின் பிற்பகுதியிலும் 30களிலும் நடந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் மியூரியல் வைலி பிளான்ஷெட். 1891இல் கியூபெக் மாகாணத்தில் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் வங்கி அதிகாரி. அவர் உடல்நலம் கெட்டு வேலையை விட்ட பிறகு குடும்பம் மேற்கே வந்து, வான்கூவர் தீவின் சிட்னி ஊருக்கு அருகே கடலோரத்தில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியது. 1923இல் 600 டாலருக்கு இந்தப் படகை வாங்கினார்கள். சில ஆண்டுகளில் ஒரு நாள் கணவர் மட்டும் தனியாகப் படகை எடுத்துச் சென்றார். படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஐந்து குழந்தைகள், குறைந்த வருமானம். உறவினர்கள் கிழக்கே இருக்கிறார்கள். திரும்பிப் போவதுதான் அந்தக் காலத்து விதவைக்கு வகுக்கப்பட்ட வழி. பிளான்ஷெட் வேறொன்று செய்தார். ஜூன் மாதம் பிறந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டார். கணவர் இல்லாமல் திரும்பி வந்த அதே படகில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார். வீட்டு வாடகையில் ஆண்டுச் செலவின் ஒரு பகுதி ஓடியது. படகுக்கு வாடகை கிடையாது. மீன், மட்டி, காட்டுப் பழங்கள் காசில்லாமல் கிடைத்தன. அவருடைய புத்தகத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைச் 'சாகசம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். சாகசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுச் செலவை ஈடுகட்ட ஒரு தாய் போட்ட திட்டமும்கூட. வரலாற்றில் பெண்களின் சிக்கனத்துக்கு இவ்வளவு அழகான பெயர் அடிக்கடி கிடைப்பதில்லை.

புத்தகத்தின் பெயர் 'தி கர்வ் ஆஃப் டைம்'. காலத்தின் வளைவு என்று தமிழில் சொல்லலாம். 1961இல் எடின்பரோவில் பிளாக்வுட் நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு, எழுபதாவது வயதில் அவர் இறந்துபோனார். 1968இல் சிட்னியிலேயே மறுபதிப்பு வந்தது. அதன் பிறகு அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் அது இருக்கிறது. பல கோடைகளை ஒன்றாகக் கலந்து, ஆண்டு சொல்லாமல் எழுதியிருக்கிறார். கணவரின் மரணம் எப்படி நடந்தது என்ற விவரம் அதில் இல்லை. இயந்திரம் பழுதாகும், தாய் அதைப் பிரித்துப் பூட்டுவார், கரடி வரும், கயிறு அறுபடும், மழை பெய்யும். துக்கத்தைப் பற்றி ஒரு பெண் எழுத வேண்டியதாக எதிர்பார்க்கப்படும் பக்கங்களை அவர் எழுத மறுத்துவிட்டார். அதற்காகவே எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

பிடித்தவரைப் பற்றி எழுதுவது எளிது என்று நினைத்துத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

பர்னபியில் வசிக்கும் என் தோழி ஒருவர் மூலமாகத்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றே கூப்பிடுவேன். அவருக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை, சொந்தமாக ஒரு சிறிய விசைப்படகு வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் எங்கள் இருவரையும் அதில் அழைத்துப்போக ஒப்புக்கொண்டார். வான்கூவர் தீவின் வடகிழக்குக் கரையில் போர்ட் மெக்நீல் என்ற ஊரிலிருந்து கிளம்பினோம். கிளம்பும்போதே தூறல். இறங்கும்வரை அது முழுதாக நிற்கவில்லை.

அந்தக் கரையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பனியாறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, மலைகளுக்கு நடுவே பல பத்து கிலோமீட்டர் தூரம் உள்ளே போகிறது. புவியியல் பாடத்தில் ஃபியோர்டு என்று படித்தது இதைத்தான். நான் கழி என்றே எழுதுகிறேன். நைட் கழி மட்டும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆழம் பல இடங்களில் 500 மீட்டரைத் தாண்டும். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நங்கூரம் தரையைத் தொடாது. படகின் பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றைக் கொண்டுபோய் மரத்தில் கட்ட வேண்டும். தீவுகளுக்கு இடையே ஓதம் ஆறுபோல ஓடும். நக்வாக்டோ என்ற குறுகிய வாயில் அது மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் எடுக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நீர் நிற்கும் சில நிமிடங்கள் பார்த்துத்தான் அப்படிப்பட்ட இடங்களைக் கடக்க முடியும். ஓத அட்டவணையைத் தவறாகப் படித்தால் படகு போய்விடும். பிளான்ஷெட் இதை ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு, வானொலித் தொடர்பும் இல்லாமல் செய்தார்.

மழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. இந்தக் கரையில் ஓஷன் ஃபால்ஸ் என்ற ஊரில் 4,000க்கும் மேல். நம் ஐப்பசி மழைபோல அடித்து ஊற்றிவிட்டு ஓய்வதில்லை. மேகம் மலையின் இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மேலே மலை இருக்கிறதா என்றே தெரியாது. கரும்பச்சை, சாம்பல், வெள்ளி, இவற்றைத் தவிர வேறு நிறம் கண்ணில் படவில்லை. பாறையெல்லாம் ஓடைகள். அக்கா போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: "இது பெய்யிற மழையில்லை தங்கச்சி. இந்த ஊரே தண்ணிக்குள்ள ஊறிக் கிடக்குது."

1792 ஜூனில் இந்தக் கரையை அளந்து வரைபடம் போட வந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவருக்கும் இதே சாம்பல் நிறம்தான் தெரிந்திருக்கிறது. மனம் சோர்ந்து ஓரிடத்துக்கு 'டெசொலேஷன் சவுண்ட்' என்று பெயர் வைத்தார். பாழ்வெளி என்று பொருள். அங்கே ஏற்கெனவே மக்களும் பெயர்களும் இருந்தன. இருந்தாலும் அரசு வரைபடத்தில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. பிளான்ஷெட் தன் படகில் வான்கூவரின் பயணக் குறிப்புகளை எடுத்துச் சென்றார். அவர் நின்ற இடங்களில் நின்று ஒப்பிட்டுப் படித்தார். பாழ்வெளி என்று ஓர் ஆண் பெயரிட்ட இடத்தில் குழந்தைகளைக் குளிக்கவிட்டு, சட்டியில் மீன் வறுத்த பெண் என்ற படிமம் நம்மைப் போன்ற வாசகிகளுக்கு எவ்வளவு இனிப்பானது! நானும் அதை ரசித்தேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை எப்போதோ முடிந்திருக்கும்.

ஆனால் புத்தகத்தில் 'மமலிலக்குல்லா' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது.

அது ஓர் ஊரின் பெயர். வரைபடத்தில் வில்லேஜ் தீவு. அந்தப் பகுதியில் குவாக்வாலா மொழி பேசும் தொல்குடிகள் வாழ்கிறார்கள். குவாக்வாகாவாக் என்பது அவர்களின் பொதுப்பெயர். குளிர்காலத்தில் பெரிய தேவதாரு வீடுகள் கொண்ட ஊர்களில் கூடி வாழ்ந்து, சடங்குகள் நடத்தி, கோடையில் மீனும் பழமும் தேடிப் பிரிந்து போவது அவர்கள் வழக்கம். பிளான்ஷெட் குழந்தைகளோடு போனது கோடையில். ஊரில் யாரும் இல்லை. படகைக் கட்டிவிட்டு இறங்கி, செதுக்கிய தூண்களைப் பார்த்து, பெரிய வீடுகளுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்ததை அவர் அழகாகவே எழுதுகிறார். பயபக்தியும் இருக்கிறது. இருந்தும் அவர் பார்வையில் அந்த மக்கள் கடந்த காலத்தவர்கள். தாங்கள் ஏதோ பழங்காலத்துக்குள் நுழைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

முதல்முறை படித்தபோது நானும் அவர் கூடவே அந்த வீட்டுக்குள் போனேன். இரண்டாம் முறை படிக்கும்போது வாசலில் நின்றுவிட்டேன். அடுத்தவர் வீடு அல்லவா? நாம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்போது, அறிமுகமில்லாத ஒருத்தி பிள்ளைகளோடு நம் வீட்டுக்குள் வந்து, அடுப்படியைப் பார்த்து, இங்கே முன்பு யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்று குறிப்பெழுதினால்?

வீட்டுக்காரப் பெண்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று தேடினேன். பதில் மர்மமானதல்ல. பலர் வேலைக்குப் போயிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அந்தக் கரை நெடுக சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன: அலர்ட் பே, நைட் கழி, ரிவர்ஸ் கழி என்று பல இடங்களில். மீன் வரும் கோடை மாதங்களில் குடும்பம் குடும்பமாக ஆலைக்கு இடம்பெயர்வார்கள். ஆண்கள் மீன்பிடிக்கப் போக, தொல்குடிப் பெண்கள் மீனைக் கழுவி டப்பாக்களில் அடைத்தார்கள். கைக்குழந்தைகள் பக்கத்திலேயே. கூலி பெரும்பாலும் நாளுக்கு அல்ல, நிரப்பிய தட்டுக்கு. பிளான்ஷெட் தன் வீட்டை வாடகைக்கு விட்டுக் கிளம்பிய அதே மாதங்களில் இவர்களும் தங்கள் வீடுகளைப் பூட்டாமல் விட்டுக் கிளம்பினார்கள். இரண்டு தரப்புமே குளிர்காலச் செலவுக்கு வழி தேடிய தாய்மார்கள். ஒரு தரப்பின் கோடை இலக்கியமானது. மற்றது தகர டப்பாவில் லண்டனுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் முடிந்தது.

இன்னொன்று இதைவிடக் கனமானது. பொட்லாட்ச் என்பது அந்தக் கரை மக்களின் மையமான நிகழ்வு. பெயர் சூட்டல், திருமணம், இறந்தவருக்கான துக்கம், பட்டம் கைமாறுதல் எல்லாம் அங்கேதான் நடக்கும். கூடியிருப்பவர்கள் சாட்சிகள்; சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு வீட்டார் பொருளை வாரி வழங்குவார்கள். எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவு மதிப்பு. சேர்த்துவைப்பதை நாகரிகம் என்று நம்பிய அரசுக்கும் பாதிரிமார்களுக்கும் இது பொறுக்கவில்லை. 1884இல் கனடா நாடாளுமன்றம் பொட்லாட்சைக் குற்றமாக்கியது. அந்தத் தடை 1951வரை சட்டத்தில் இருந்தது.

1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் டான் கிரான்மர் என்பவர் பெரிய பொட்லாட்ச் ஒன்றை நடத்தினார். அதிகாரிகள் எளிதில் வர முடியாத குளிர்காலம், ஒதுங்கிய தீவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் இதே வில்லேஜ் தீவு. மனைவி எம்மாவின் குடும்பத்தாருக்குச் செய்ய வேண்டிய முறையைச் செய்வதற்காக நடந்தது அது. செய்தி கசிந்தது. அரசு முகவர் வில்லியம் ஹாலிடே நடவடிக்கை எடுத்தார். 45 பேர்மீது வழக்கு: பேசியது, ஆடியது, பரிசுகளை எடுத்துக் கொடுத்தது என்பவைதான் குற்றங்கள். முகமூடிகள், செப்புப் பட்டயங்கள், சடங்கு உடைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசப்பட்டது. சிலர் குடும்பத்தைக் காப்பாற்றக் கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களுமாக 20 பேர் ஓகாலா சிறைக்குப் போனார்கள். அந்தச் சிறை இருந்தது பர்னபியில். அக்கா வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம். இப்போது அங்கே ஏரிக்கரைப் பூங்காவும் குடியிருப்புகளும்.

பறித்த பொருள்களை ஹாலிடே அலர்ட் பே தேவாலய மண்டபத்தில் பெஞ்சுகளில் பரப்பி, நுழைவுக் கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைத்தார். ஒரு பகுதியை நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே வாங்கிப்போனார். மற்றவை கிழக்கே ஒட்டாவாவுக்கும் டொரொண்டோவுக்கும் போயின. ஈடாக மொத்தம் 1,495 டாலருக்கு ஒரு காசோலை வந்தது. செப்புப் பட்டயங்களுக்கு எதுவும் இல்லை.

பிளான்ஷெட்டின் குழந்தைகள் கால் வைத்த ஊர் அதுதான். நடந்து நெடுங்காலம் ஆகியிருக்க வாய்ப்பில்லை. அந்த வீடுகளின் வெறுமைக்கு வயது அவ்வளவுதான். அவர் அதைப் பழங்காலத்தின் அமைதி என்று எடுத்துக்கொண்டார்.

ஆக்னெஸ் ஆல்ஃப்ரெட் என்ற பெண்மணியின் நினைவுகளை அதன் பிறகுதான் படித்தேன். 'பேட்லிங் டு வேர் ஐ ஸ்டாண்ட்', 2004இல் வெளிவந்தது. துடுப்பு போட்டு நான் நிற்கும் இடத்துக்கு என்று பொருள் கொள்ளலாம். ஆக்னெஸ் எழுதப் படிக்கத் தெரியாதவர். குவாக்வாலாவில் அவர் சொன்னதைப் பேத்தி டெய்சி செவிட்-ஸ்மித் மொழிபெயர்க்க, மானுடவியலாளர் மார்ட்டீன் ரீட் தொகுத்தார். ஆக்னெஸ் பிறந்தது 1890 வாக்கில், 1992வரை வாழ்ந்தார். பிளான்ஷெட்டைவிட ஒரு வயதோ என்னவோ மூத்தவர். பதின்மூன்று பிள்ளைகள் பெற்றவர். ஒரே கடலில் ஒரே ஆண்டுகளில் படகேறிய இரண்டு தாய்மார்கள். ஒருவர் எழுதியது எடின்பரோவுக்குப் போகிறது. மற்றவர் சொன்னது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அச்சாகிறது. ஆக்னெஸின் பக்கங்களில் கழிகள் தனிமையான இடங்களே இல்லை. உறவினர்கள், சம்பந்திகள், முறைகள், கடன்கள், விருந்துக்கு வரும் தோணிகள், அந்தத் தோணிகளில் வருகிறவர்களின் பட்டங்கள் என்று நெரிசலாக இருக்கிறது. படிக்கும்போது நம் கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா பேச்சைக் கேட்பதுபோல இருந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று பல இடங்களில் எனக்குக் குழம்பியும் போனது.

மேற்குக் கரை நீர்வழிகளில் பயணம் செய்த பெண்களின் எழுத்துகளை நான்சி பாக் 'அட் ஹோம் அஃப்ளோட்' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். படகிலும் அடுப்படி பெண்ணுக்கு, சுக்கான் ஆணுக்கு என்ற பாகப்பிரிவினை எப்படி ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பதிலிருந்து, வெள்ளைப் பெண்கள் தொல்குடிப் பெண்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதுவரை பேசுகிற நூல். பிளான்ஷெட் அந்தப் பாகப்பிரிவினையை உடைத்தவர். இரண்டையும் அவரே வைத்துக்கொண்டார். சட்டத்தின் முன் அவர் நிலை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவரைப் போன்ற பெண்களுக்கு 1917இல் வாக்குரிமை வந்தது. தொல்குடிகளுக்கு, ஆணோ பெண்ணோ, மாகாணத் தேர்தலில் 1949இல். நாட்டின் தேர்தலில் தொல்குடி என்ற சட்டத் தகுதியை விட்டுக்கொடுக்காமல் வாக்களிக்க 1960வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொல்குடிப் பெண் வெளி ஆணை மணந்தால் அந்தத் தகுதியையே இழப்பாள் என்ற விதி 1985இல்தான் போனது. தொல்குடி ஆண் வெளியில் மணந்தால் அவனுக்கு அந்த இழப்பு இல்லை. விதவையான பிறகு துணிந்து கிளம்பிய ஒருத்தியின் கதையை மட்டும் சொல்லிப் 'பெண்களின் வரலாறு' என்று பெயர் வைத்தால் இதெல்லாம் கணக்கில் வராது.

மூன்றாம் நாள் வற்றத்தில் ஒரு சிறு விரிகுடாவில் கரை ஒதுங்கினோம். நீர் இறங்க இறங்க, பிறைபோல வளைந்த ஒரு தாழ்ந்த கல்சுவர் வெளியே தெரிந்தது. அதற்கு உள்பக்கம் சமதளமாக மணலும் சிப்பித் துண்டுகளும். படகுக்காரம்மா காட்டியிருக்காவிட்டால் இயற்கையாகச் சேர்ந்த கற்கள் என்றே கடந்து போயிருப்பேன். அது மட்டித் தோட்டம். குவாக்வாலாவில் லோகிவே. ஓதத்தின் கீழெல்லையில் கற்களை உருட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினால், உள்ளே மணல் தேங்கி மட்டி வளர ஏற்ற சமதளம் உண்டாகும். கிளறிக் கிளறி எடுக்க மண் இளகி இன்னும் நன்றாக வளரும். குவாட்ரா தீவில் செய்த ஆய்வில், சுவர் கட்டிய கரைகளில் ஒரு வகை மட்டி நான்கு மடங்கும், இன்னொரு வகை இரண்டு மடங்குக்கு மேலும் அதிகமாக இருந்தன. அங்குள்ள பழைய சுவர்களின் வயது 3,500 ஆண்டுகளாவது இருக்கும். அறிவியல் உலகத்துக்கு இது தெரியவந்தது 1990களில், ஜான் ஹார்ப்பர் என்ற புவியியலாளர் விமானத்திலிருந்து கரையை அளந்தபோதுதான். க்வாக்ஸிஸ்தல்லா என்ற பட்டம் தாங்கிய முதியவர் ஆடம் டிக்கிடம் கேட்டபோது, அவர் சொல்லையும் வேலையையும் சொன்னார். மக்களுக்கு எப்போதும் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை.

மட்டி தோண்டுவது அங்கேயும் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகளின் வேலை. அந்தக் கரையில் குளிர்காலத்தில் பெரிய வற்றம் இரவில்தான் வரும். அதாவது நவம்பர், டிசம்பர் இருட்டில், மழையில், வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து தோண்ட வேண்டும். தேவதாருப் பட்டையை உரித்து, ஊறவைத்து, அடித்து நாராக்கி, மழையை வழியவிடும் தொப்பியும் மேலாடையும் நெய்ததும் பெண்கள். பட்டை உரித்த நீள் தழும்புகள் இன்றும் மரங்களில் நிற்கின்றன. 1846க்கு முற்பட்டவையானால் மாகாணச் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது. கிங்கம் கழியின் முகத்துவாரத்தில் கிழங்குப் பாத்திகள் இருந்தன, குடும்பங்களுக்கு உரிமையானவை. ஆக, வான்கூவருக்குப் பாழ்வெளியாகவும், பிளான்ஷெட்டுக்குக் காடாகவும், இன்றைய உல்லாசப் படகுக்காரர்களுக்கு மனிதர் காலடி படாத இயற்கையாகவும் தெரிகிற இந்த ஓரம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடம். பிளான்ஷெட் காசில்லாமல் பிள்ளைகளுக்கு அள்ளி ஊட்டிய மட்டியில் எவ்வளவு இந்தச் சுவர்களுக்குள் வளர்ந்ததோ.

படகுக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பிளான்ஷெட் புத்தகம் வேதம் மாதிரி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குப் படகு ஓட்டலாம் என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான், அதை நான் விட்டுத்தர மாட்டேன்" என்றார். விட்டுத்தரச் சொல்லவில்லை என்றேன். அக்கா நடுவில் புகுந்து தேநீர் ஊற்றினார்.

அன்றிரவு படகின் கூரையில் மழை விழும் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அக்கா பேச ஆரம்பித்தார். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பல் இதே மாகாணத்துக்குத்தான் வந்தது. 492 ஈழத்தமிழர்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. கனடியக் கடற்படை அதை எஸ்க்விமால்ட் துறைக்குக் கொண்டுபோனது. பிளான்ஷெட் வீட்டுக்கரையிலிருந்து அது தெற்கே சில பத்து கிலோமீட்டர்தான். அவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். தாய்மாரையும் பிள்ளைகளையும் வைத்த இடம் பர்னபி. ஓகாலா சிறை இருந்த அதே பர்னபி. பிள்ளைகளோடு படகேறிய ஒரு தாயைப் பற்றிய புத்தகத்தை அந்தச் சமயத்தில்தான் தான் வாங்கியதாகவும், பல மாதங்கள் திறக்க முடியவில்லை என்றும் அக்கா சொன்னார். "அந்தப் பிள்ளையளும் கடலிலதானே வந்ததுகள். அதுகளுக்கு ஒருத்தரும் சாகசம் எண்டு பேர் வைக்கேல்ல. நீர் எழுதப் போறீர் எண்டால் அதையும் எழுதும்."

எழுதிவிட்டேன், அக்கா.

நான்காம் நாள் வில்லேஜ் தீவு. இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பயணத்துக்கே நான் ஒப்புக்கொண்டது அதற்காகத்தான். ஊரில் இப்போது யாரும் குடியில்லை. ஆனால் அது மமலிலிக்குல்லா மக்களின் நிலம். 2021இல் அவர்கள் நைட் கழியில் தங்கள் பாரம்பரியப் பகுதி ஒன்றைத் தாங்களே பாதுகாக்கும் பகுதியாக அறிவித்தார்கள். நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை. படகுக்காரம்மா பழைய காலத்தில் நாலைந்து முறை இறங்கியிருக்கிறார்; இப்போதும் இறங்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். மழையில் அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதந்தோம். இறங்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகும் வருத்தமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தோமே என்ற சாதாரண வருத்தம்தான்.

மறுநாள் அலர்ட் பேயில் உமிஸ்தா பண்பாட்டு மையத்துக்குப் போனோம். அதற்கு வாசலும் சீட்டும் இருந்தன. உமிஸ்தா என்றால், எதிரிகளிடம் சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புவது. 1921 பொட்லாட்சை ஒட்டிப் பறிபோனவற்றைத் திரும்பக் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 1980இல் அந்தக் குடும்பங்கள் இந்த மையத்தைத் திறந்தன. முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல் வெளியே நிற்கின்றன. ஒரு முறை அடைத்துவைத்ததே போதும் என்று நினைத்தார்களாம். பக்கத்துப் புல்வெளியில் செயின்ட் மைக்கேல்ஸ் உறைவிடப் பள்ளி இருந்தது; தாய்மாரிடமிருந்து பிரித்த பிள்ளைகளை வைத்திருந்த கட்டடம். 1929இல் கட்டி, 2015இல் இடித்தார்கள். இடிக்கும் நாளில் அங்கே படித்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது முந்தைய நாள் படகிலிருந்து பார்த்த கரை. மேலே கருங்காடு, கீழே சாம்பல் நீர், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மணல் என்று நினைத்தேன். அருகே மிதந்து போனபோதுதான் தெரிந்தது, அவ்வளவும் சிப்பி. சாப்பிட்டுப் போட்ட மட்டி ஓடுகள், ஆண்டாண்டு காலமாக ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, உடைந்து, நொறுங்கிக் கரையாகவே ஆகிவிட்டிருந்தன. மழை அதன்மேல் விழும் சத்தம் நீரில் விழும் சத்தத்திலிருந்து வேறாக இருந்தது. படகுக்காரம்மா இயந்திரத்தைத் திரும்பக் கிளப்பும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.